விமானியின் கண்முன் ஒளிக்கோலம்: எதிர்மின் கதிர்க் குழாயும் தற்சார்பும்

ஒரு நாட்டின் தொழில் வளர்ச்சியை அணைகளையும் ஆலைகளையும் கொண்டு அளப்பது வழக்கம். ஆயினும், பெரிய பொறிகளின் உள்ளே மறைந்து பணிபுரியும் சிறு உறுப்புகளும் அவ்வளர்ச்சியின் அளவுகோலாக அமைகின்றன. போர் விமானத்தின் முகப்பில் விமானியின் கண்ணெதிரே ஒளிரும் நிமிர்நோக்குக் காட்சிக் கருவியும், அதன் அடிவயிற்றில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒளியை ஈந்துவந்த எதிர்மின் கதிர்க் குழாயும் இதற்குத் தக்க சான்றாகும். 'ஹெட்-அப் டிஸ்பிளே' என்று உலகெங்கும் வழங்கும் இக்கருவியின் வரலாறு, தொழில் நுட்பத்தின் வரலாறாக மட்டும் அமையவில்லை. சிறு தேவைக்காகச் செய்யப்படும் அரிய உறுப்பு ஒன்றை யார் செய்வது, எவ்வளவு காலம் செய்வது என்ற பொருளாதாரக் கேள்வியும் அதனுள் அடங்கியுள்ளது.

புனே நகரின் வடமேற்கில், முளா, பவனா ஆகிய இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் சாங்வி அமைந்துள்ளது. அங்கிருந்து லோஹேகாவ் விமானப்படைத் தளம் நேர்கோட்டில் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் ஒன்று சாங்விக்கு மேலிருந்து லோஹேகாவை எட்ட 40 விநாடிகளே தேவை. அந்நேரத்தில் விமானி தலையைக் குனிந்து, கண்ணைக் குவித்து, கருவிப் பலகையில் ஓர் எண்ணைப் படித்து, மீண்டும் நிமிர்ந்து வெளியே நோக்க இரண்டே விநாடிகள் ஆகின்றன என்று கொள்வோம். அதற்குள் விமானம் அரைக் கிலோமீட்டரைக் கடந்துவிடும். தரையிறங்கும்போது வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கும். அப்போதும் அந்த இரு விநாடிகளில் விமானம் சுமார் 140 மீட்டர் நகர்ந்திருக்கும். இந்த 'குருட்டுத் தொலைவை' அகற்றுவதே நிமிர்நோக்குக் கருவியின் நோக்கமாகும்.

குறிநோக்கியிலிருந்து தொடக்கம்

இக்கருவியின் மூலம் துப்பாக்கியின் குறிநோக்கியில் உள்ளது. 1900-ஆம் ஆண்டில் அயர்லாந்தைச் சேர்ந்த ஒளியியல் வல்லுநர் ஹோவர்டு கிரப், சாய்வாக வைத்த கண்ணாடியில் ஒளிக்குறி ஒன்றைப் பிரதிபலித்து, அது தொலைவில் உள்ள இலக்கின் மீதே பதிந்திருப்பதுபோல் தோன்றச் செய்யும் முறையைக் கண்டறிந்தார். லென்சின் குவியத்தில் ஓர் உருவத்தை வைத்தால், அதிலிருந்து புறப்படும் கதிர்கள் லென்சைக் கடந்தபின் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும். எனவே அவ்வுருவம் முடிவற்ற தொலைவில் இருப்பதாகவே கண் கொள்ளும். அருகில் உள்ள குறிக்கும் தொலைவில் உள்ள இலக்குக்கும் கண்ணை மாறி மாறிக் குவிக்கும் தேவை இதனால் நீங்கிற்று. இன்றைய கருவிகள் யாவும் இந்த விதியின் மீதே நிற்கின்றன.

எனினும் அக்காலக் குறிநோக்கி காட்டியது ஒரே உருவத்தைத்தான். ஒளி விளக்கின் முன் வைத்த தகட்டில் வெட்டப்பட்ட வளையமோ, சிலுவைக் குறியோ மட்டுமே கண்ணாடியில் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் சுழல்காட்டியின் துணையால் அவ்வளையத்தை நகர்த்தவும் விரிக்கவும் முடிந்தது. ஆயினும் உயரம், வேகம், திசை, அடிவானம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே காட்டவல்ல 'எழுதுகோல்' ஒன்று தேவைப்பட்டது.

அந்த எழுதுகோல் 1897-ஆம் ஆண்டிலேயே உருவாகியிருந்தது. ஜெர்மானிய இயற்பியலறிஞர் பெர்டினாண்டு பிரவுன், வெற்றிடக் கண்ணாடிக் குழாயினுள் எலக்ட்ரான் கற்றையை வளைத்து, ஒளிர்பொருள் பூசிய திரையில் கோடு வரையச் செய்திருந்தார். ரேடார் தோன்றியபின் இக்குழாயே அதன் காட்சித் திரையாயிற்று.

இவ்விரு கண்டுபிடிப்புகளையும் இணைக்கும் முயற்சி 1942-இல் பிரிட்டனில் நிகழ்ந்தது. இரவில் பகை விமானத்தைத் துரத்திய விமானிகளுக்கு, உடன் அமர்ந்த ரேடார் இயக்குநரின் வாய்மொழியைக் கேட்டு இயங்குவது கடினமாயிருந்தது. விமானிக்கே தனியொரு ரேடார் திரையைத் தந்தபோது, ஒளிரும் திரையினின்று கண்ணை எடுத்து இருண்ட வானை நோக்கினால் ஒன்றும் புலப்படவில்லை. எனவே ரேடார் குழாயின் உருவத்தை முகப்புக் கண்ணாடியின் சமதளப் பகுதியில் வீழ்த்திப் பார்த்தனர். மாஸ்கிட்டோ இரவுப்போர் விமானங்களில் நடந்த இச்சோதனைகளே பிற்காலக் கருவிக்கு வித்திட்டன.

குழாய் எவ்வாறு எழுதுகிறது?

விமானத்தின் உணர்விகள் தரும் செய்திகளைக் கணிப்பொறி ஒன்று திரட்டிக் குறியீடுகளாக மாற்றுகிறது. சில அங்குல விட்டமே உள்ள சிறிய எதிர்மின் கதிர்க் குழாய் அக்குறியீடுகளைத் தன் முகத்தில் வரைகிறது. பல லென்சுகள் கொண்ட தொகுதி அந்த உருவத்தை இணைக்கதிர்களாக்கி மேல்நோக்கி அனுப்புகிறது. விமானியின் முன் சாய்வாக நிற்கும் இணைப்புக் கண்ணாடி அக்கதிர்களை அவரது கண்ணுக்குத் திருப்பி விடுகிறது. வெளியுலகின் ஒளியும் அதே கண்ணாடியை ஊடுருவி வருகிறது. ஆகவே வானும் நிலமும் குறியீடுகளும் ஒரே காட்சியாகத் தெரிகின்றன.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வமைப்பின் முதன்மையான இடர் பொலிவாகும். வெயிலில் ஒளிரும் வெண்மேகத்தின் பொலிவு சதுர மீட்டருக்குச் சுமார் 34,000 கேண்டெலா. அந்தப் பின்னணியில் ஒரு கோடு தெளிவாகப் புலப்பட வேண்டுமானால், பின்னணியைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடுதல் ஒளி அக்கோட்டிலிருந்து கண்ணுக்கு வரவேண்டும்; அதாவது சுமார் 7,000 கேண்டெலா. இணைப்புக் கண்ணாடியோ தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை மட்டுமே திருப்பும். அது கால் பங்கு என்று கொண்டால், குழாயின் முகத்தில் 28,000 கேண்டெலா தேவை. லென்சுகளில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் தேவை இன்னும் மிகும். வீட்டுத் தொலைக்காட்சிக் குழாயின் பொலிவு சில நூறு கேண்டெலா மட்டுமே. ஏறத்தாழ நூறு மடங்கு பொலிவை உள்ளங்கையில் அடங்கும் குழாயிலிருந்து பெறவேண்டியிருந்தது.

இணைப்புக் கண்ணாடியை ஆடிபோல் ஆக்கினால் குறியீடுகள் பளிச்சிடும். ஆனால் வெளிக்காட்சி மங்கிவிடும். இச்சிக்கலுக்குத் தீர்வு ஒளியின் நிறத்தில் கிடைத்தது. டெர்பியம் என்னும் அருமண் தனிமம் சேர்த்த ஒளிர்பொருள், 545 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டிய குறுகிய பச்சை நிறப் பட்டையில் தன் ஒளியின் பெரும்பகுதியை வெளியிடும். அப்பட்டையை மட்டும் நன்கு பிரதிபலித்துப் பிற நிறங்களைத் தடையின்றி விடும் மெல்லிய பூச்சைக் கண்ணாடியின் மீது படியச் செய்தனர். மனிதக் கண் பகலொளியில் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் பச்சையை என்பதும் இதற்குத் துணை நின்றது. நிமிர்நோக்குக் கருவியின் எழுத்துகள் பச்சையாக அமைந்ததற்கு இதுவே காரணம், அழகுணர்ச்சி அன்று.

கோலமும் நெசவும்

குழாயில் உருவம் வரைய இரு முறைகள் உண்டு. தறியில் ஊடிழை ஓடுவதுபோல் எலக்ட்ரான் கற்றை திரை முழுவதையும் வரிவரியாக மேலிருந்து கீழ்வரை நிரப்பிச் செல்வது ஒரு முறை. தொலைக்காட்சியில் நிகழ்வது இதுவே. வாசலில் கோலமிடுபவர் கோடு வேண்டிய இடத்தில் மட்டும் மாவை இழுப்பதுபோல், தேவையான கோடுகளின் வழியே மட்டும் கற்றையைச் செலுத்துவது மற்றொரு முறை.

நெசவு முறையில் வெற்றிடங்களிலும் கற்றையின் நேரம் செலவாகிறது. கோல முறையில் அந்நேரம் முழுவதும் கோடுகளுக்கே கிடைப்பதால் அவை மிகுந்த பொலிவும் கூர்மையும் பெறுகின்றன. விநாடிக்கு 50 அல்லது 60 முறை இக்கோலம் அழிந்து புதிதாக எழுதப்படுவதால், கண்ணுக்கு அது நிலையாக நிற்கும் ஓவியமாகவே தெரிகிறது. பகலில் பறக்கும் விமானிக்கு இம்முறையே உகந்தது.

1980-களில் வெப்பக்கதிர்ப் படக்கருவிகள் வந்தபோது நெசவு முறைக்கும் வேலை கிடைத்தது. இரவில் நிலத்தின் வெப்பப் படத்தை இணைப்புக் கண்ணாடியில் காட்டினால், விமானி இருளை ஊடுருவிக் காண்பதுபோல் பறக்கலாம். இரவில் பின்னணி இருண்டிருப்பதால் குறைந்த பொலிவே போதும். வரிகளை எழுதி முடித்து, கற்றை மீண்டும் மேலே திரும்பும் சிறு இடைவெளியில் குறியீடுகளைக் கோலமாக வரைந்துவிடும் உத்தியும் கையாளப்பட்டது. ஒரே குழாய் இருவகைப் பணியையும் ஏற்றது.

பக்கனீர் முதல் பயணிகள் விமானம் வரை

நடைமுறையில் படைப்பணிக்கு வந்த முதல் நிமிர்நோக்குக் கருவி, பிரிட்டிஷ் கடற்படையின் பக்கனீர் தாக்குதல் விமானத்துக்காகச் செய்யப்பட்டது. 1958 ஏப்ரல் 30-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த இவ்விமானம், ரேடாரின் கண்ணுக்குத் தப்பும்பொருட்டுக் கடல்மட்டத்தை ஒட்டி ஒலியின் வேகத்தை நெருங்கிச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வுயரத்தில் கண்ணை ஒரு விநாடி திருப்புவதும் ஆபத்தாகும். பார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தின் வழிகாட்டுதலில் சின்டெல் நிறுவனம் இக்கருவியை உருவாக்கியது. பின்னர் அத்தொழில் எலியட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பக்கனீருக்கென மொத்தம் 375 தொகுதிகளே செய்யப்பட்டன. இந்த எண்ணிக்கையின் சிறுமை பின்னர் வரும் வாதத்துக்கு இன்றியமையாதது.

1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஏ-7 தாக்குதல் விமானத்தில் எண்முறைக் கணிப்பொறியும் நிமிர்நோக்குக் கருவியும் ஒன்றிணைந்தன. ஏவப்படும் குண்டு எங்கு விழும் என்பதைக் கணிப்பொறி இடையறாது கணித்து, அவ்விடத்தைக் கண்ணாடியில் புள்ளியாகக் காட்டிற்று. பிரான்சில் சோதனை விமானி கில்பர்ட் கிளாப்ஃப்ஸ்டைன், விமானத்தின் மூக்கு நோக்கும் திசையைவிட அது உண்மையில் செல்லும் திசையைக் காட்டுவதே பயனுடையது என்ற கருத்தை வலியுறுத்தி, குறியீட்டு முறையைச் சீர்படுத்தினார்.

பயணிகள் விமானங்களுக்கு இக்கருவி மெல்லவே வந்தது. 1984-இல் போயிங் 727 விமானத்தில், மூடுபனியில் தரையிறங்குவதற்கான நிமிர்நோக்குக் கருவி ஒன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சான்று பெற்றது. ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படுமுன்னரே அதன் வரைவு கண்ணாடியில் உரிய இடத்தில் தெரிவதால், இறங்குவதா மேலெழுவதா என்ற முடிவை விமானி தெளிவாக எடுக்க இயலுகிறது. குளிர்காலத்தில் வட இந்திய நிலையங்களில் மூடுபனியால் விமானங்கள் தாமதமாவதும் திருப்பி விடப்படுவதும் ஏற்படுத்தும் இழப்பை எண்ணினால், இதன் பொருளாதாரப் பயன் விளங்கும்.

இந்திய வானில்

நம் விமானப்படையில் 1960-களில் சேர்ந்த மிக்-21 விமானங்களில் பழைய ஒளியியல் குறிநோக்கிகளே இருந்தன. 1979-இல் ஜாகுவார் விமானங்கள் வந்தபோது நிமிர்நோக்குக் கருவி படைப்பணியின் இயல்பான பகுதியாயிற்று. தாழ்ந்து பறந்து தாக்குவதற்கென அமைந்த அவ்விமானத்துக்கு இக்கருவி இன்றியமையாததாகும். 1980-களில் 'டாரின்' என்ற திட்டத்தின்கீழ் இந்தியப் பொறியாளர்களே ஜாகுவாரின் வழிகாட்டும் கருவி, கணிப்பொறி, காட்சிக் கருவி ஆகியவற்றைப் புதிதாகத் தேர்ந்து ஒருங்கிணைத்தனர். உறுப்புகள் அயல்நாட்டவை, ஆனால் அவற்றைப் பேசவைத்த அறிவு உள்நாட்டது. இத்திட்டம் பிற்கால முயற்சிகளுக்குப் பயிற்சிக்கூடமாக அமைந்தது.

1983-இல் கடற்படைக்கு வந்த சீ ஹாரியர், 1985-இல் குவாலியருக்கு வந்த மிராஜ்-2000 ஆகியவையும் இக்கருவியைக் கொண்டிருந்தன. புனேயின் லோஹேகாவ் தளத்தின் பங்கு இங்குக் குறிப்பிடத்தக்கது. 1987-இல் மிக்-29 விமானங்கள் இத்தளத்தில் படையணியாக அமைந்தன. 1997-இல் சுகோய்-30 விமானங்களும், 2002-இல் அவற்றின் மேம்பட்ட வடிவமான சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களும் இங்கேயே படைப்பணிக்கு வந்தன. பிரிட்டன், பிரான்சு, சோவியத் ஒன்றியம் எனப் பல நாட்டு விமானங்கள் ஒரே படையில் சேர்ந்தபோது, அவற்றின் காட்சிக் கருவிகளும் பலவகைப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி மாற்றுறுப்பு, தனித்தனிச் சோதனைப் பொறி வேண்டியிருந்தது. பன்னாட்டுக் கொள்முதலின் இப்பேணுதல் சுமை வெளியே எளிதில் தெரிவதில்லை.

சண்டிகரின் முயற்சி

இலகு ரகப் போர் விமானத் திட்டத்துக்கு 1983-இல் ஒப்புதல் கிடைத்தது. அதனை நடத்த 1984-இல் பெங்களூரில் வானூர்தி மேம்பாட்டு முகமை நிறுவப்பட்டது. அதற்கான நிமிர்நோக்குக் கருவியை உருவாக்கும் பணியை ஏற்ற இடம் விமானத் தொழிலின் மையமான பெங்களூர் அன்று, சண்டிகர். அறிவியல் மற்றும் தொழிலியல் ஆராய்ச்சிக் குழுவின்கீழ் 1959-இல் டெல்லியில் தொடங்கி 1962-இல் சண்டிகருக்கு மாறிய மத்திய அறிவியல் கருவிகள் அமைப்பு, ஒளியியல் கருவிகளில் தேர்ச்சி பெற்றிருந்தது.

இப்பணியில் இடர்கள் பல. விமானியின் தலை சற்று அசைந்தாலும் உருவம் இடம் மாறக்கூடாது. விமானம் சட்டெனத் திரும்பும்போது ஏற்படும் பன்மடங்கு எடையைக் கருவி தாங்கவேண்டும். ஒளிரும் குழாயின் வெப்பம் வெளியேற வழி வேண்டும். சூரிய ஒளி லென்சுத் தொகுதியினுள் புகுந்து போலி உருவங்களை எழுப்பக்கூடாது. உயிர்காப்பு நாற்காலி வெளியே வீசப்படும்போது கருவியின் எப்பகுதியும் விமானியின் முழங்காலைத் தொடக்கூடாது. குழாய்க்குத் தேவையான பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம், காற்று மெலிந்த உயரங்களில் பொறி பறக்காமல் அடக்கப்படவேண்டும். இவற்றையெல்லாம் நிறைவு செய்து, எதிர்மின் கதிர்க் குழாயை ஒளி மூலமாகக் கொண்ட கருவியை அவ்வமைப்பு வடிவமைத்தது. உற்பத்திக்கான தொழில் நுட்பம் அருகிலுள்ள பஞ்ச்குலாவில் இயங்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பிரிவுக்கு வழங்கப்பட்டது.

2001 ஜனவரி 4-ஆம் நாள் இலகு ரகப் போர் விமானம் முதன்முதலாகப் பறந்தது. 'தேஜஸ்' என்று பெயர் பெற்ற அவ்விமானத்தின் முதற் படையணி 2016 ஜூலை 1-ஆம் நாள் பெங்களூரில் அமைந்தது. இரண்டாவது படையணி 2020 மே 27-ஆம் நாள் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூரில் பணி ஏற்றது. ஆய்வுக்கூடத்தின் வடிவமைப்பு, பொதுத்துறையின் உற்பத்தி, விமானப்படையின் பயன்பாடு ஆகிய மூன்றும் ஒரே நாட்டுக்குள் ஒரு சங்கிலியாக அமைந்தது பெருமைக்குரியதே.

தொலைக்காட்சி தந்த நிழல்

ஆயினும் இச்சங்கிலியில் ஒரு கண்ணி தனித்து நோக்கத்தக்கது, அது குழாயேயாகும். உயர்பொலிவுக் குழாய்களைச் செய்யும் தொழிற்கூடங்கள் உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருந்துவந்தன. காரணம், தேவை மிகச் சிறிது. பக்கனீருக்கு 375 தொகுதிகள் என்றால், மாற்றுக் குழாய்களையும் சேர்த்துத் தேவை சில ஆயிரங்களைத் தாண்டாது. அத்தேவைக்காக மட்டும் கண்ணாடி உருக்கும் உலையையும், ஒளிர்பொருள் தயாரிப்பையும், எலக்ட்ரான் துப்பாக்கி செய்யும் கைத்திறனையும் எந்தத் தொழிலதிபராலும் காப்பாற்ற இயலாது.

அவற்றைக் காப்பாற்றியது வீட்டுத் தொலைக்காட்சி. கோடிக்கணக்கில் விற்ற தொலைக்காட்சிக் குழாய்களே மூலப்பொருள்களையும் பொறிகளையும் தேர்ந்த தொழிலாளரையும் வாழவைத்தன. பெருமரத்தின் நிழலில் சிறுசெடி வளர்வதுபோல், விமானக் குழாய்த் தொழில் அந்நிழலில் வாழ்ந்தது.

நம் நாட்டிலும் அந்த அடித்தளம் இல்லாமலில்லை. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970-இல் கறுப்பு-வெள்ளைத் தொலைக்காட்சிக் குழாய்களைச் செய்யத் தொடங்கிற்று. 1979-இல் அந்நிறுவனம் புனேயில் தொடங்கிய ஆலை, இரவுப் பார்வைக்கான உருமாற்றுக் குழாய்களுக்கென அமைந்தது. மங்கிய ஒளியை எலக்ட்ரான்களாக்கி, அவற்றை முடுக்கி, ஒளிர்திரையில் மீண்டும் உருவமாக்கும் அக்குழாய், எதிர்மின் கதிர்க் குழாயின் நெருங்கிய உறவாகும். 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் காஜியாபாத், மொகாலி ஆகிய இடங்களில் தனியார் குழாய் ஆலைகள் வளர்ந்தன. காஜியாபாத்தின் சாம்டெல் குழுமம், ஜெர்மனியின் உல்ம் நகரில் தொழில்துறைக் குழாய்கள் செய்யும் கூடமொன்றையும் தன்வசமாக்கிற்று.

ஆனால் 2000-க்குப் பிந்திய பத்தாண்டுகளில் தட்டைத் திரைகள் வீடுகளை நிறைத்தன. உலகெங்கும் குழாய் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இந்திய ஆலைகளும் தப்பவில்லை. மரம் வீழ்ந்தபோது நிழலும் மறைந்தது. விமானக் குழாயின் தேவை குறையவில்லை. அதனைத் தாங்கிய சந்தை மறைந்தது. போர் விமானம் ஒன்று முப்பது, நாற்பது ஆண்டுகள் பறக்கிறது. 1979-இல் தொடங்கிய ஜாகுவாரின் இந்தியப் பணி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்துள்ளது. மின்னணு உறுப்பின் வணிக ஆயுளோ அதனினும் மிகக் குறைவு. விமானத்தின் ஆயுளுக்கும் உறுப்பின் ஆயுளுக்கும் இடையேயுள்ள இப்பொருத்தமின்மையே பாதுகாப்புத் தளவாடத் திட்டமிடலின் தீராத சிக்கலாகும்.

குழாய்க்குப் பின்

குழாய்க்கு வேறு குறைகளும் இருந்தன. ஒளிர்பொருள் நாளடைவில் மங்கும், நெடுநேரம் ஒரே இடத்தில் நின்ற குறியீடு திரையில் வடுவாகப் பதியும், உயர் மின்னழுத்தப் பகுதிகள் அடிக்கடி பழுதுறும், நிறம் ஒன்றே. ஒளி உமிழும் டையோடுகளின் ஆற்றல் பெருகியபின், அவற்றின் ஒளியைத் திரவப் படிகத் தகட்டாலோ நுண்ணிய ஆடிகளாலோ உருவமாக்கும் முறை பொலிவுப் போட்டியில் குழாயை எட்டிப்பிடித்தது. 2012-இல் ஏர் இந்தியாவுக்கு வந்த போயிங் 787 விமானங்களில் இரு விமானிகளுக்கும் திரவப் படிக வகை நிமிர்நோக்குக் கருவிகள் உள்ளன. எஃப்-35 போர் விமானம் இணைப்புக் கண்ணாடியையே கைவிட்டு, தலைக்கவசத்தின் முகமூடியில் காட்சியைத் தருகிறது.

பழைய விமானங்களுக்கு வேறொரு வழி காணப்பட்டுள்ளது. எலியட் நிறுவனத்தின் வழித்தோன்றலான பி.ஏ.இ. சிஸ்டம்ஸ், குழாயும் உயர் மின்னழுத்தப் பகுதியும் இருந்த இடத்தில் அதே அளவில் பொருந்தும் எண்முறை ஒளிப்பொறியை உருவாக்கியுள்ளது. விமானத்தின் கம்பியிணைப்பையோ கணிப்பொறியையோ மாற்றவேண்டியதில்லை. வீடு முழுவதையும் இடிக்காமல் அடுப்பை மட்டும் மாற்றிக்கொள்வது போன்றது இது. பல ஆயிரம் பழைய கருவிகளின் ஆயுளை இவ்வழி நீட்டிக்கலாம்.

நம் நாட்டிலும் தொழில் திசை மாறியது. 2007-இல் சாம்டெல் குழுமமும் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும் கூட்டு நிறுவனம் ஒன்றை அமைத்தன. விமானங்களுக்கான தட்டைக் காட்சித் திரைகளைச் செய்வது அதன் நோக்கமாயிற்று. குழாயில் பெற்ற அனுபவம் திரைக்கு மாற்றப்பட்டது.

திட்டமிடுவோர்க்குரிய பாடங்கள்

இவ்வரலாறு உணர்த்துவன மூன்று. முதலாவது, தற்சார்பு என்பதை முழுக் கருவியின் மட்டத்தில் மட்டும் அளக்கலாகாது. கருவி உள்நாட்டில் செய்யப்பட்டதா என்று கேட்பதோடு, அதன் உயிர்நாடியான உறுப்பு எங்கிருந்து வருகிறது, அதனைச் செய்யும் ஆலையை எந்தச் சந்தை தாங்குகிறது என்றும் கேட்கவேண்டும். குழாயின் இடத்தை இன்று டையோடுகளும் நுண்காட்சித் தகடுகளும் பிடித்துள்ளன. அவையும் கைப்பேசி, ஒளிவீழ்த்தி போன்ற நுகர்பொருள்களின் நிழலிலேயே வளர்பவை. அந்நிழலும் ஒருநாள் நகரக்கூடும்.

இரண்டாவது, வடிவமைக்கும்போதே வழக்கொழிதலுக்கு இடம் வகுக்கவேண்டும். ஒளி மூலம், ஒளியியல் தொகுதி, குறியீடு வரையும் கணிப்பொறி ஆகிய மூன்றும் தெளிவான இணைப்பு வரையறைகளால் பிரிக்கப்பட்டிருப்பின், ஒன்று மறையும்போது மற்ற இரண்டும் வீணாவதில்லை. உறுப்பின் உற்பத்தி நிற்குமுன் வாழ்நாள் தேவையைக் கணித்து ஒரேயடியாக வாங்கி வைப்பது வழக்கமான உபாயம். ஆனால் குழாய் போன்ற வெற்றிடச் சாதனங்கள் கிடங்கிலும் முதுமையடைவன. ஆகையால் சேமிப்பு, மாற்று வடிவமைப்புக்கு வேண்டிய கால அவகாசத்தையே தரும், அதற்கு ஈடாகாது.

மூன்றாவது, உறுப்பு அழியினும் அறிவு அழிவதில்லை. முடிவிலியில் உருவம் அமைக்கும் லென்சுக் கணக்கு, பச்சை ஒளியை மட்டும் திருப்பும் பூச்சு, விமானியின் கண்ணுக்கும் மூளைக்கும் ஏற்ற குறியீட்டு ஒழுங்கு ஆகியவை குழாயோடு மறையவில்லை. அடுத்த தலைமுறைக் கருவிக்கும் அவையே அடிப்படை. சண்டிகரில் செலவிட்ட ஆண்டுகளின் உண்மையான ஈட்டம் இவ்வறிவேயாகும்; அதனைத் தாங்கும் வல்லுநர் குழுவைத் திட்டத்துக்குத் திட்டம் கலைத்துவிடாமல் தொடர்ந்து பேணுவது அரசின் பொறுப்பாகும்.

சாங்வியின் மேல் பறந்து லோஹேகாவை நோக்கி இறங்கும் விமானிக்குக் கண்ணாடியில் ஒளிர்வது குழாயா, டையோடா என்பது பொருட்டன்று. அக்கோடுகள் அணையாதிருப்பதே அவருக்கு முக்கியம். அவ்வுறுதியை அளிக்கும் ஆற்றல், கொள்முதல் ஒப்பந்தம் ஒன்றால் ஒரே நாளில் வாங்கத்தக்கதன்று. ஆய்வுக்கூடங்களிலும் ஆலைகளிலும் பல்லாண்டுகள் இடைவிடாது பயிரிட்டே அதனைப் பெறமுடியும்.